மண் எங்கே காத்திருக்கும்? வீட்டோடு சேர்த்துப் பட்டறை நடத்துவது எப்படி

வானூர் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் பட்டறை போட்டு ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டு எடுக்கும் கெட்டியான பீங்கான்) பாத்திரம் செய்கிறேன். காபி டம்ளர், சாப்பாட்டுத் தட்டு, ஊறுகாய் ஜாடி, கிண்ணம், இப்படி. வீட்டில் மாமியார், சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிற பிள்ளைகள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டோன்வேர் பட்டறைகள் நிறைய வந்துவிட்டன. அங்கங்கே வேலை கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு சக்கரம் வாங்கிப் போடுகிற பெண்களும் இருக்கிறார்கள். கல்யாணம், குழந்தை என்று வந்ததும் அந்தச் சக்கரத்தின் மேல் துணி காயப்போடுகிற நிலைமை வந்துவிடுகிறது. "அக்கா, தினமும் எத்தனை மணி நேரம் ஒதுக்குறீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மணிக்கணக்கில் ஒதுக்கினால் இந்த வேலை நடக்காது. காலை பத்திலிருந்து ஒன்று வரை பட்டறை என்று எழுதி ஒட்டலாம். ஆனால் நேற்று வனைந்த டம்ளர் இன்றைக்குப் பத்து மணிக்குக் கைப்பிடி ஒட்டும் பதத்தில் இருக்குமா என்பதை வெயிலும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. அதே பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்று போன் வரும். அதனால் திட்டத்தை மண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த நிலையில் மண் நமக்காகக் காத்திருக்கும், எந்த நிலையில் காத்திருக்காது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால், வீட்டு வேலையை அதைச் சுற்றி அடுக்கிவிடலாம்.

காத்திருக்கும் மூன்று நிலைகள்

முதலாவது, மூட்டையில் இருக்கும் மண். பிசைந்து, காற்றுப் புகாமல் தடித்த பாலித்தீனில் கட்டி நிழலில் வைத்த மண் எத்தனை மாதமானாலும் இருக்கும். நாளாக நாளாக நெகிழ்ச்சிகூட நன்றாக வரும். வீட்டில் விசேஷம் வருகிறது என்றால் மண்ணைத் தயார் செய்து கட்டிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு நாலு பாத்திரம் வனைந்து பலகையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது, வனைந்த பாத்திரம் கொஞ்சம் இறுகி, விரல் பட்டால் குழி விழாத பதம். பட்டறையில் லெதர் ஹார்ட் என்போம். அடிப்பாகம் சீவுவது, கைப்பிடி ஒட்டுவது, மூக்கு வைப்பது எல்லாம் இந்தப் பதத்தில்தான். சித்திரை வெயிலில் இது சில மணி நேரத்தில் தாண்டிப்போய்விடும். கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்னால் மேற்கிலிருந்து அடிக்கிற அந்த வறண்ட காற்று இருக்கிறதே, அது தட்டின் விளிம்பை மட்டும் முதலில் உலர்த்தி, நடுவை ஈரமாக விட்டு, கீறல் விழச் செய்துவிடும். ஆகவே இந்தப் பதத்தைப் பிடித்து நிறுத்த ஒரு ஏற்பாடு வேண்டும்.

என் பட்டறையில் அந்த ஏற்பாடு ஓடாத பழைய பிரிட்ஜ். பழைய இரும்புக் கடையில் கம்ப்ரசர் இல்லாத கூடு மலிவாகக் கிடைக்கும். பீங்கான் பட்டறைக்கு ஏதாவது ஒரு பொருளை முதலில் வாங்குங்கள் என்றால், நல்ல சீவும் கத்திக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன். கீழ்த்தட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பாளம் ஒன்றை ஊற்றி உறையவிட்டு, அது குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். பிளாஸ்டர் இல்லையென்றால் தண்ணீரில் ஊறிய செங்கல் இரண்டு போதும். மேல் தட்டுகளில் பலகை போட்டுப் பாத்திரங்களை அடுக்கி, கதவைச் சாத்தினால் ஒரு வாரத்துக்கு மேலேயும் அதே பதத்தில் இருக்கும். பாளம் வெளுத்துப்போனால் ஒரு சொம்புத் தண்ணீர் விடவேண்டும், அவ்வளவுதான். கதவின் ரப்பர் விளிம்பு கிழியாமல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது போய்விட்டால் பெட்டி வீண். இன்னொன்று: பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெளிப்பக்கம் கொண்டி வைத்துப் பூட்டுப் போடுங்கள். உள்தட்டுகளைக் கழற்றிவிட்டுக் காலியாக வைக்கவே கூடாது. ஒளிந்து விளையாட உள்ளே போகும் குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும்.

இந்தப் பெட்டி வந்த பிறகு என் வேலையின் போக்கே மாறியது. வனைவது ஒரு நாள், சீவுவது பிள்ளைக்கு உடம்பு சரியான பிறகு வரும் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ள முடிகிறது. நடுவில் கொழுந்தனார் குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போனாலும் பெட்டியில் இருப்பது பத்திரமாக இருக்கிறது.

மூன்றாவது, பிஸ்க். மெருகு என்கிற கண்ணாடிப் பூச்சு போடுவதற்கு முந்தைய முதல் சூடு, ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி வரை. பிஸ்க் ஆன பாத்திரத்துக்கு ஈரம் பட்டாலும் கரையாது, பிள்ளைகள் பந்து விளையாடும்போது மேலே விழாதவரை வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். வங்கியில் போட்ட பணம் மாதிரி அது, வேண்டும்போது எடுத்து மெருகு போட்டுச் சுடலாம். முழுக்கக் காய்ந்து சுடாமல் இருக்கும் பச்சைப் பாத்திரம் அப்படி இல்லை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். வீட்டில் பெரிய விஷயம் எது வருவதாக இருந்தாலும், கல்யாணமோ பரீட்சையோ பிரசவமோ, அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் பிஸ்க் வரைக்கும் தள்ளிவிட்டு உட்காருங்கள்.

எங்கள் பக்கத்தில் வருடக்கணக்கு இப்படிப் போகிறது. புதுச்சேரிக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. கடைக்காரர்களும் காபிக் கடைக்காரர்களும் கேட்பது அந்தச் சமயத்துக்குத்தான். பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் டிசம்பர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை நிற்காது, பலகையில் வைத்தது பலகையிலேயே ஈரமாக இருக்கும். மூன்றும் ஒரே மாதத்தில் மோதுகிறது. ஆகவே ஆவணி, புரட்டாசியில் வனைந்து, சீவி, பிஸ்க் போட்டு அலமாரியை நிரப்பிவிடுகிறேன். டிசம்பரில் மெருகும் கடைசிச் சூடும் மட்டும். மழை மாதத்தில் புதிதாக வனைவதென்றால் பெரிய ஜாடி, கனத்த மூடி, அகலத் தட்டு என்று மெதுவாகக் காயவேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஈரக்காற்று அவற்றுக்கு நல்லது.

எழுந்து போகக்கூடிய வேலை, போகக்கூடாத வேலை

வேலைகளையும் இதே கண்ணால் பாருங்கள். "அம்மா" என்று ஒரு குரல் கேட்டதும் அப்படியே ஈரத்துணி போட்டுவிட்டு எழுந்து போகலாமா? மண் பிசைவது, உருண்டை பிடிப்பது, கையால் கிள்ளிச் செய்யும் கிண்ணம், மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கிச் செய்யும் ஜாடி, முத்திரை குத்துவது, பிஸ்க் பாத்திரத்தின் அடியில் மெழுகு தடவுவது, இவற்றை எல்லாம் போகலாம் என்கிற பட்டியலில் வையுங்கள். சக்கரத்தில் பெரிய பாத்திரத்தை மேலே இழுக்கிற நேரம், ஈரப் பக்குவம் சேர்ந்து வந்த டம்ளர்களுக்கு வரிசையாகக் கைப்பிடி ஒட்டுகிற நேரம், மெருகுப் பொடி எடை போட்டுக் கலக்குகிற நேரம், சூளை. இவற்றிலிருந்து எழுந்து போகக்கூடாது. இந்த இரண்டாவது வகையை வேறு ஒரு பெரியவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வையுங்கள். பேரம் வேண்டாம்.

கணவருக்கு இரண்டாம் ஷிப்ட் வரும் வாரத்தில் காலையில் அவர் வீட்டில் இருப்பார். சமையலும் பள்ளி வேனும் அவர் பொறுப்பு, நான் சக்கரத்தில். முதல் ஷிப்ட் வாரத்தில் நான் சக்கரத்தின் பக்கமே போகமாட்டேன், பகலில் கைவேலை மட்டும். ஷிப்ட் அட்டவணை வந்ததும் அதைச் சமையலறை நாள்காட்டியில் எழுதிவிடுவோம். பட்டறை நாளும் அதே நாள்காட்டியில்தான். தனி நோட்டில் எழுதி வைத்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாத வேலையை யாரும் மதிக்கமாட்டார்கள்.

விடியற்காலை எனக்குச் சரிப்பட்டு வருகிறது, ஆனால் அதற்கு முந்தின இரவு முக்கியம். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை எடைபோட்டு உருண்டை பிடித்துவிடுவேன். டம்ளருக்கு 350 கிராம், கைப்பிடி வைத்த கப்புக்கு 400, சாப்பாட்டுத் தட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஈரத்துணி, அதன் மேல் பாலித்தீன். காலையில் எழுந்ததும் நேராகச் சக்கரத்தில் உட்காரலாம். பிசைந்து கையைச் சூடாக்குவதற்குள் குழந்தை விழித்துக்கொள்ளும் தொல்லை இல்லை. கரண்ட் போனால் கால் சக்கரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பு முந்தின நாளே வந்துவிடும், அதைப் பார்த்துக் காலால் சுற்றும் வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சூளையில் பிஸ்க் போட அந்த நாள் கூடாது.

போனை ஒரு ஜிப் கவரில் போட்டுச் சக்கரத்துக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பள்ளிக்கும் வேன் டிரைவருக்கும் தனி ரிங்டோன். மற்ற எந்தச் சத்தத்துக்கும் கையைக் கழுவிக்கொண்டு எழ வேண்டியதில்லை. தாலிக்கொடியை உள்ளே போட்டு, முந்தானையோ துப்பட்டாவோ இல்லாமல் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்ளுங்கள், பின்னலைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் துணி சுற்றிக்கொண்டால் நிறுத்துவதற்கு நேரம் இருக்காது.

கைப்பிடி ஒட்டும் நாளில் பிள்ளைக்கு உடம்புக்கு வந்துவிட்டதா? விளிம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து எல்லாவற்றையும் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அதற்கும் நேரம் இல்லாமல் காய்ந்துபோனால், கைப்பிடி இல்லாமலே டம்ளராக முடித்துவிடுங்கள். காய்ந்த உடம்பில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால் சூளையில் கண்டிப்பாகப் பிளக்கும். நம் ஊரில் காபி குடிப்பது டம்ளரில்தான். கைப்பிடி இல்லாததால் அது விற்காமல் போவதில்லை.

வீட்டில் இருப்பவர்களும் பட்டறையும்

நான் பிறந்த வீடு விருத்தாசலத்துக்கு அந்தப்பக்கம், பரம்பரையாக மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பம். மண் எடுத்து வருவது, கல் பொறுக்கி மிதிப்பது, சக்கரத்தில் வனைவது, தட்டுப்பலகையால் தட்டி அடிவைப்பது, காயவைத்துத் திருப்புவது, சூளை அடுக்குவது, சந்தையில் விற்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கை இருந்தது. எங்கள் வீட்டில் பெண்கள் சக்கரத்தில் உட்காரமாட்டார்கள். அது மாற வேண்டியதுதான், மாறியும் வருகிறது. ஆனால் ஒரு வேலையும் ஒரே ஆளின் தலையில் விழாது என்கிற ஏற்பாட்டை நாம் சேர்த்துத் தூக்கிப்போட்டுவிட்டோம். ஸ்டூடியோ பாட்டர் என்றால் மண் கலக்குவதிலிருந்து பார்சல் கட்டுவது வரை தானே செய்யவேண்டும் என்று ஒரு நினைப்பு. பெயர் போடுகிற முத்திரை உங்களுடையதாக இருக்கட்டும். மற்ற வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அத்தை, அதாவது மாமியார், விவசாயக் குடும்பத்துக்காரர். பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். நெல் காயவைத்த கைக்கு ஈரம் தெரியாமல் போகுமா? இப்போது பச்சைப் பாத்திரம் காய்ந்ததா என்று பார்ப்பது முழுக்க அவர் பொறுப்பு. ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால் கன்னத்துக்குச் சில்லென்று இருக்கும். முழுக்கக் காய்ந்தது அறைச்சூட்டில் இருக்கும். "இந்த ஜாடிக்கு அடி இன்னும் சில்லுனு இருக்கும்மா, ரெண்டு நாள் போகட்டும்" என்பார். அவர் சரி என்று சொல்லாமல் நான் பிஸ்க் அடுக்குவதில்லை. ஈரம் இருக்கும் பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி உடைத்துவிடும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத்தான் நாசம் செய்யும். பெரியவர்களிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் கைக்குத் தெரிந்த ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள்.

பிள்ளைகளுக்கு என்று ஒரு தாழ்வான பலகையும் அவர்களுடைய மண்ணும் தனியாக வையுங்கள். உருண்டை பிடிப்பார்கள், முத்திரை செதுக்குவார்கள், பெரியவன் எடைபோட்டுக் கொடுப்பான். ஆனால் எது கூடாது என்பதில் தளர வேண்டாம். களிமண்ணிலும் குவார்ட்ஸிலும் இருக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிவிடும், வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்கிற நோய் வரும். அதற்கு மருந்து இல்லை. அதனால் பட்டறையைத் துடைப்பம் போட்டுப் பெருக்கவே கூடாது. ஈரத்துணி, ஈர மாப், அவ்வளவுதான். பட்டறைச் சட்டையும் செருப்பும் பட்டறையிலேயே இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்காதீர்கள், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மெருகுப் பொடி எடைபோடும்போது என்-95 முகக்கவசம், பிள்ளைகள் பள்ளியில்.

பொடிகளை எதில் வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பேரியம் கார்பனேட் பார்க்க மைதா மாவு மாதிரியே இருக்கும். அது விஷம், எலி மருந்தாகப் பயன்பட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில், பழைய மளிகை டப்பா, ஐஸ்கிரீம் டப்பா எதிலும் போடாதீர்கள். வீட்டில் புழங்காத நிறத்தில் மூடி வைத்த வாளி, தமிழில் பெரிய எழுத்தில் பெயர், பூட்டிய அலமாரி. சாப்பாட்டுப் பாத்திரம் செய்கிற எனக்குப் பேரியமும் ஈயமும் தேவையே இல்லை என்று அவற்றை வாங்குவதில்லை. பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்புப் பொடி, சைனா கிளே, கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. இவற்றை வைத்தே எத்தனையோ நிறம் வரும்.

கர்ப்பமாக இருக்கும்போது பொடி கலக்குவது, மண் மூட்டை தூக்குவது, சூளை அடுக்குவது மூன்றையும் வேறு ஆளிடம் விடுங்கள். ஒரு மூட்டை 20, 25 கிலோ இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு முதுகு சரியாகிற வரை கிள்ளிச் செய்யும் வேலை போதும். உயரமான மேசையில் நின்றுகொண்டே செய்யலாம்.

சூளை நாள்

பிஸ்க் பரவாயில்லை. சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் வைத்த மின்சூளையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு போட்டுவிட்டு, அவ்வப்போது போய்ப் பார்த்தால் போதும். நடுவில் கரண்ட் போனால் வந்ததும் தொடரலாம். கடைசிச் சூடு வேறு. கேஸ் சூளையில் 1280, 1300 டிகிரி வரை ஏற்றவேண்டும். சின்னச் சூளைக்கே 10 முதல் 12 மணி நேரம். அன்று முழுக்க நீங்கள் வீட்டில் இல்லை என்றே எல்லோரும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தேதி குறிப்பதற்கு முன்னால் சமையலறை நாள்காட்டியைப் பாருங்கள். தேர்வு, ஊர்த் திருவிழா, சொந்தத்தில் கல்யாணம், அத்தைக்கு ஜிப்மரில் ஓ.பி. நாள், எதுவும் அன்றும் மறுநாளும் இருக்கக்கூடாது. கணவரின் வார விடுமுறை என்றால் உத்தமம். அன்றைக்கு அவர் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், சூளைக்கு உதவ வேண்டாம். இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பது என்பது இரண்டையும் பார்க்காமல் இருப்பதுதான். முந்தின இரவே புளிசோறு கிளறிவிடுவோம், மறுநாள் மதியம் வரை கெடாது. தொட்டுக்கொள்ள வறுவலோ துவையலோ. அன்றைக்கு அடுப்புப் பற்றவைப்பது பாலுக்கு மட்டும்.

சிலிண்டரை முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிவையுங்கள். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்கவேண்டும், வீட்டுச் சமையல் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. முதல் நாள் இரவு சின்னத் தீயில் சூளையைக் காயவிட்டால் மறுநாள் சீக்கிரம் முடியும். 573 டிகிரியைச் சுற்றி குவார்ட்ஸ் உப்பி மாறும் இடத்தை நிதானமாகக் கடக்க விடுங்கள், ஆறும்போதும் அப்படித்தான். ரிடக்‌ஷன் (சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுடுவது) செய்யும் நேரத்தில் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. சூளைக்கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், படுக்கையறை ஜன்னல் அந்தப்பக்கம் இருக்கக்கூடாது, பிள்ளைகளுக்குத் தரையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தூங்கி வழிகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூளை பார்க்கவே கூடாது.

அணைத்த பிறகும் அவசரம் வேண்டாம். ஒன்றரை நாள் ஆகட்டும். வெறும் கையால் எடுத்து வைத்துக்கொள்ள முடிகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் கதவைப் பிரிக்கவேண்டும். நான் இதைப் பள்ளி விடுமுறை நாளில் விழுமாறு பார்த்துக்கொள்கிறேன். கீழ்த்தட்டில் இருப்பதைப் பிள்ளைகள் இறக்குவார்கள். ஒரு நாள் முழுக்க அம்மாவை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அந்த நாளில் என்ன வந்தது என்று முதலில் பார்க்கும் உரிமை உண்டு.

சூளையின் அளவைப் பற்றியும் கேட்கிறார்கள். சின்னதாகவே வாங்குங்கள். பெரிய சூளையை நிரப்புவதற்குள் வீட்டில் நாலு காரியம் குறுக்கே வந்துவிடும், பச்சைப் பாத்திரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், சுடுகிற நாளும் நள்ளிரவைத் தாண்டும். ஒன்று தவறினாலும் நஷ்டம் சின்னதாக இருப்பது குடும்பத்துக்கும் நல்லது.

ஆர்டரும் பணமும்

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வாங்க வருபவர் ஒரு நாள் சொல்வார். அதிலிருந்து சூளை ஆற இரண்டு நாள், மெருகுக்கும் அடுக்குவதற்கும் இரண்டு மூன்று நாள், பிஸ்க்கும் ஆறுவதும் இரண்டு நாள், காய்வதற்கு ஒரு வாரம், மழைக்காலம் என்றால் இரண்டு வாரம். அதற்கு மேல் வீட்டுக்கென்று ஒரு வாரம் சேருங்கள். காய்ச்சலும் துக்க வீடும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இத்தனையும் கூட்டி வருகிற தேதி அவருக்குத் தோதுப்படவில்லை என்றால் ஆர்டரை வாங்க வேண்டாம். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே மண்ணை எடுங்கள். கேட்டதைவிடப் பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கூடுதலாக வனையுங்கள். காய்ந்து சுட்டு முடிக்கும்போது மண் 10, 12 சதவீதம் சுருங்கும் என்பதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லி, சுட்டு முடித்த மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஈரத்தில் எடுத்த படத்தை அனுப்பினால் பின்னால் தகராறு.

வருமானம் மாதாமாதம் சீராக வராது. தை, மாசியில் கை நிறைய வரும், சித்திரை வைகாசியில் வற்றிவிடும், ஜூனில் பள்ளிக்கட்டணம் கட்டவேண்டும். பட்டறைக்கு என்று தனி வங்கிக் கணக்கு வைத்து, சீசனில் வரும்போதே மூன்றாகப் பிரிக்கிறேன்: மண்ணும் கேஸும், பள்ளிக்கட்டணம், என் சம்பளம். என் சம்பளம் என்று ஒரு தொகை ஒவ்வொரு மாதமும் வீட்டுக் கணக்குக்குப் போகிறது, குறைவான மாதத்திலும். பொழுதுபோக்கு என்று சொந்தக்காரர்கள் பேசுவது அதற்குப் பிறகு நின்றது. மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. டெரகோட்டா செய்பவர்கள், பரம்பரையாகச் செய்பவர்கள் கட்டாயம் பதிவு செய்யுங்கள், பிள்ளைகளின் படிப்புக்கும் மகப்பேற்றுக்கும் உதவித்தொகை உண்டு.

மண்ணும் பொடியும் வாங்குவதற்கு என்று தனியாக ஒரு நாளை நான் ஒதுக்குவதில்லை. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கும் விருத்தாசலம் அம்மா வீட்டுக்குப் போகிற வழி. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, திரும்பும்போது தேவையானதை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். பிள்ளைகள் ஆயா வீட்டில் இருக்கும் அந்த நாட்களில்தான் பெரிய ஜாடிகள். சக்கரத்துக்கு முன்னால் நின்று, ஏழெட்டு கிலோ மண்ணை ஒரே மூச்சில் இழுக்கிற வேலைக்கு வீட்டில் யாரும் கூப்பிடாத நாலு நாள் வேண்டும், அது வருடத்துக்குச் சில தடவைதான் கிடைக்கும். அதற்குள் எந்த அளவு, எத்தனை, எந்த மூடி என்று படம் வரைந்து, மண்ணைப் பிசைந்து கட்டி வைத்துவிடுங்கள். முதல் நாள் காலையே வனைய ஆரம்பித்துவிடலாம்.